யாரையெல்லாம் வரச்சொன்னீர், மச்சான்?

டண்டினொங்,
வைகாசி 1977

என் பிரியமுள்ள மச்சான் சிவநேசனுக்கு,

உம்மோடு ஒரு சண்டை இருக்கிறது. நீர் இருந்திருந்தால் தேத்தண்ணி குடித்துக்கொண்டே பிடித்திருக்கலாம். இப்போது எழுதித்தான் பிடிக்க வேண்டும்.

நாட்டின் நடுவே, பாலைவனத்துச் செம்பாறைகளுக்குள் பனைபோல மரங்கள் நிற்கிற ஃபிங்க் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவில் புஷ்பத்தோடு நடக்க வேண்டும் என்று திட்டம் போட்டீர். ஆடி இங்கே குளிர்காலம், அங்கே வெயில் கொல்லாது என்றும் விசாரித்து வைத்தீர். எல்லாம் சரி. ஆனால் கண்டவர்களிடமெல்லாம் "நீங்களும் வாங்கோவன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிட்டீரே, அது என்ன வேலை?

என் தங்கை புஷ்பத்துக்காக அந்தப் பயணத்தை நடத்தித் தரலாம் என்றுதான் நான் தொடங்கினேன். இன்றைக்கு மெல்பேணில் இருக்கிற நம்மவர் வீடுகளில் பாதி பெட்டி கட்டுகிறது.

எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: "மாஸ்ரர், அவர் தன்ர வாயால கேட்டவர். வராட்டி அவற்ற ஆத்மா என்ன நினைக்கும்?"

உயிரோடு இருப்பவரிடம் அழைப்பை மாற்றச் சொல்லலாம். உம்மிடம் யார் கேட்பது?

பள்ளிக்கூட வாத்தியார் அல்லவா, ஓர் உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் மூன்று பிள்ளைகள் இருக்கும் வாங்கில் எட்டுப் பேரை நெருக்கி இருத்தினால் ஒருவருக்கும் எழுத வராது. அங்கே போகும் வழியான மணல் ஆற்றுப்படுக்கையில் ஓடக்கூடிய ஜீப் ஒன்றுதான் வாடகைக்குக் கிடைத்தது. அதில் தண்ணீரும் ஏற வேண்டும். இதை விளக்கினால், "அப்ப கடற்கரைப் பூங்காவுக்குப் போவம் மாஸ்ரர், எல்லாரும் இருக்கலாம், புட்டும் அவிக்கலாம்" என்கிறார்கள். உமது வீட்டு விறாந்தையில் கூடி அதையே முடிவும் செய்துவிட்டார்கள். புஷ்பம் தேத்தண்ணி கொடுத்தாள்.

அவர்கள் போன பிறகுதான் வாசலில் கிடந்த அவளுடைய கன்வஸ் சப்பாத்தைப் பார்த்தேன். நீர் வாங்கிக் கொடுத்தது. அடி தேய்ந்து போயிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலையில் ஓடைக்கரையில் நடந்து பழகுகிறாளாம். இத்தனை வருடம் நீர் மலையேறியபோதெல்லாம் சாப்பாட்டுக்குக் காவலாகக் காரடியில் நின்றவள். இந்த ஒரு நடைதான் அவளுக்கென்று நீர் சொன்னது. அதையும் புட்டுப் பானைக்குள் போடலாமா?

நம்மவர்களை வீட்டுக்குப் போய்த்தான் அழைக்க வேண்டும். அப்படியானால் வரவேண்டாம் என்பதையும் வீட்டுக்குப் போய்த்தானே சொல்ல வேண்டும்? கலியாணத்துக்குச் சொல்லப் போவதுபோல உடுத்திக்கொண்டு, புஷ்பத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். முதல் வீடு கணக்காளர் ராசையாவுடையது. கதிரை போட்டார்கள், வடை வந்தது.

"எங்கட மாமியும் பாலைவனம் பாக்கேல்லை, மாஸ்ரர்" என்றார் ராசையா.

"ஓம் ஓம், அவவும் வரட்டும்."

வாயில் வடை இருந்தது, மச்சான். வேறென்ன சொல்வது?

நான் வெளியே வந்ததும் காருக்குள் காத்திருந்த புஷ்பம் கேட்டாள்: "சொல்லிப்போட்டியளே அண்ணை?"

"இப்ப மாமியாரும் வாறா."

உம்மைப் பார்ப்பாளே ஒரு பார்வை, அதே பார்வை. கார்க் கதவை அடித்துச் சாத்திவிட்டு உள்ளே போனாள். நானும் பின்னால் ஓடினேன். அவள் நேரே சொன்னாள்:

"ராசையா அண்ணை, கோவிக்காதேங்கோ. அவர் தன்னோட வரச்சொல்லித்தான் கூப்பிட்டவர். அவர் இல்லை. நான் நடக்கப் போறன். நீங்கள் வரவேண்டாம்."

ராசையா என்னைப் பார்த்தார். நான் வடைத் தட்டைப் பார்த்தேன். உள்ளறையிலிருந்து அந்த மாமியாரின் குரல்தான் வந்தது.

"போயிட்டு வா பிள்ளை. இந்தக் கூட்டத்தோட போனா உனக்கு அடுப்படிதான் மிஞ்சும்."

மற்ற வீடுகளுக்கு அவளே போனாள். இரண்டு வீட்டார் இன்னும் கோபமாக இருக்கிறார்கள். அந்தக் கணக்கை உம்முடைய பேரில்தான் எழுதுகிறேன்.

ஆடியில் போகிறோம், மச்சான். அவள் முன்னால் நடப்பாள். நான் தண்ணீரைச் சுமந்துகொண்டு பின்னால் வருவேன். பாறையைப் பற்றியோ மரத்தைப் பற்றியோ பாடம் நடத்த மாட்டேன். அவளாகத் திரும்பிப் பேசும்வரை வாயே திறக்க மாட்டேன். இது நான் உமக்குத் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
உம்முடைய புஷ்பத்தின் தமையன்