நீலச் சுவர்

மணிலா, மார்ச் 9

அன்பு மகள் மிலாவுக்கு,

போன சனிக்கிழமை உன் அப்பன் ஆற்றில் விழுந்தான். நீ வரையும் படத்துக்காகக் கேட்டபடி, ஆற்றைப் பார்த்த நம் வீட்டு முன்சுவருக்கு நீலம் பூசும்போதுதான். துணி அலசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சென்சியா அக்கா, "போரோ, மீன் ஏதும் சிக்குச்சா?" என்றாள். முன்பெல்லாம் பாசிக் ஆற்றில் விழுந்தால் ஊசி போட வேண்டும். இப்போது சோப்பு போதும். மறுநாள் நீ அக்கரையில் உட்கார்ந்து வரைந்தபோது தும்மிக்கொண்டு உள்ளேயே கிடந்தேன்.

செவ்வாயன்று கணக்கெடுப்பு ஆட்கள் வந்தார்கள். ஆறு சுத்தமாகிவிட்டதால் கரையில் நடைபாதை வருகிறது, நம் வரிசை இடிபடும். அவர்கள் முன்பே சுவரில் போட்டுவிட்டுப் போன சிவப்பு எண் உள்ளவர்களுக்கு மாற்று வீடு. நம் எண்மேல்தான் நீலம் பூசிவிட்டேன். மண்ணெண்ணெய் வைத்துத் தேய்த்தேன், சிவப்பும் சேர்ந்து போய்விட்டது. எண்ணை அழித்தவன் இடத்தை யாருக்கோ விற்றவன், அவனுக்கு வீடு கிடையாது என்கிறார்கள். அம்மா சாப்பிடவில்லை.

அப்பா

பாகியோ, மார்ச் 13

அன்புள்ள அப்பா,

தூரிகையைத் தொட முடியவில்லை. என் படத்தில் எல்லோரும் முதலில் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். ஆற்று விழாவுக்கென்று அந்தக் கணக்கெடுப்பு அலுவலகம்தான் மணிலாவுக்கு எடுத்துப் போயிருக்கிறது. நான்தான் பூசச் சொன்னேன் என்று சொல்லிவிடுங்கள். என் படிப்பு உதவித்தொகையும் அந்த அலுவலகம் தருவதுதான், நிறுத்தினால் நிறுத்தட்டும். நீங்களும் அம்மாவும் எங்கே போவீர்கள்? பயமாக இருக்கிறது.

மிலா

மணிலா, மார்ச் 18

மிலா கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடும் சட்டையோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். கழுத்துப் பொத்தான் இல்லை என்பது அங்கேதான் தெரிந்தது.

"யாரு பூசச் சொன்னா?" என்றாள் அந்த அதிகாரி அம்மா.

"குடிச்சிருந்தேம்மா."

"பகல்லயா?"

"பகல்லதானேம்மா வெளிச்சம் இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. சாட்சிக்கு வந்த சென்சியா அக்கா, "இருபது வருஷமா இந்தாளு குடிச்சிட்டு அந்த வீட்டு வாசல்லதான் விழுந்து கெடக்கறாரு" என்றாள். என் மானம் போனால் என்ன, இருபது வருஷமாக அங்கேதான் குடியிருக்கிறேன் என்று எழுதிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைதான் முடிவு.

அவள் தலைக்குமேல் உன் படம் மாட்டியிருந்தது. திரும்பிப் பார்த்து, "இந்தச் சுவரா?" என்றாள்.

"ஆமாம்மா."

"நல்லா வரைஞ்சிருக்காங்க" என்று எழுந்து, மூலையில் இருந்த பெயரைப் படிக்கக் குனிந்தாள். உன் பெயரோடு என் பெயரும் அங்கே இருக்குமே. மூக்குக்கண்ணாடி மேசைமேல் இருந்திருக்கிறது, படிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன் மிலா. அது என் பொண்ணு வரைஞ்சது என்று சொல்லவில்லை.

அப்பா