கழுவ விடாத கால்

அப்பா,

இன்று பெரிய வியாழன். கோவிலில் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவும் சடங்குக்குப் புது உபதேசியார் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தார். உபதேசியாராக நீங்கள் வருஷா வருஷம் சாமியார் பின்னால் ஏந்திப்போன, ஓரத்தில் எனாமல் பெயர்ந்த அதே பேசின். அதைக் கண்டதும் எனக்கு ஜெபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. நீங்கள் போய் இரண்டு வருஷமாகியும் அது ஆறவில்லை. வேறு யாரிடம் சொல்ல? உங்களிடமே சொல்கிறேன்.

சீனாச் சண்டை முடிந்த சமயம். ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று திண்டுக்கல் பள்ளிக்கூட மதர் சொல்லி மனுப்போட்டேன். படிப்பும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு, படித்த பின் ராணுவத்திலேயே வேலை. உபதேசியார் மகளுக்கு வேறு எந்த வழியில் அந்தப் படிப்பு கிடைத்திருக்கும்? கல்யாணம் மட்டும் ஆகியிருக்கக் கூடாது. பெங்களூருக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. நீங்கள் படித்துவிட்டு, மடித்து, ஒரு வார்த்தையும் பேசாமல் என்னிடம் கொடுத்தீர்கள். சம்மதம் என்று நினைத்து நான் பெட்டிக்குப் பூட்டு வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு பூசையில் எழுந்து நின்று, மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையில் முதலாவதை வாசித்தீர்கள். முதலில் வடமதுரைக்காரர் ஒருவரின் மகன் பெயர். பிறகு என் பெயர். முக்காடு போட்டுப் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நான், என் கல்யாணச் செய்தியை ஊரோடு சேர்ந்துதான் கேட்டேன். இவள் வாயில்லாப் பூச்சி, கோவிலுக்குள் வைத்து என்ன பேசிவிடப் போகிறாள் என்று நினைத்துவிட்டீர்கள். ஆனால் வழக்கமான கடைசி வரியையும் நீங்களேதான் வாசித்தீர்கள். தடை அறிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற வரி.

பூசை முடிந்ததும் நேரே சாமியார் அறைக்குப் போனேன். தடை எனக்குத் தெரியும் என்றேன். என்ன தடை என்று கேட்டார்.

"எனக்குச் சம்மதம் இல்ல சாமி. அதான் தடை."

உங்கள் வார்த்தையை நம்பி என்னைக் கேட்காமலே ஓலை எழுதச் சொன்ன அவர், தலை குனிந்துகொண்டார். இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

நீங்கள் சும்மா விடவில்லை. நர்ஸ் படிப்பில் சேரப் பெற்றவர் கையெழுத்து வேண்டும் என்று தாளை நீட்டினேன்.

"ஆம்பளைகளத் தொட்டுக் கழுவுற பொழப்பு. அந்தக் கையோட இந்த வாசப்படி ஏறாத" என்றீர்கள்.

அம்மாதான் கைநாட்டு வைத்தாள். சாமியார் சாட்சிக்குக் கையெழுத்துப் போட்டார். சாணார்பட்டி பஸ்ஸில் என்னை ஏற்றிவிடவும் அம்மா ஒருத்திதான் வந்தாள். "அவரு பேசுனாப் பேசட்டும், நீ போயிட்டு வாத்தா" என்றாள்.

படித்தேன் அப்பா. பாகிஸ்தான் சண்டையில் அடிபட்டவர்கள் வந்தபோது, வாரக்கணக்கில் பூட்ஸ் கழற்றாத கால்களைக் கழுவினேன். சீழ் துடைத்தேன். பாஷை புரியாத பஞ்சாபிக்காரர் ஒருவர், கட்டுப் போட்டு முடித்ததும் என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டார். அதை உங்களுக்கு எழுதினேன். பதில் வரவில்லை.

படிப்பு முடிந்து ராணுவ அதிகாரியாகி, தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு ஒரு மாத லீவில் வந்தேன். வாசப்படி ஏறவும் செய்தேன், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு. உங்கள் வலது காலில் சர்க்கரைப் புண். வேட்டிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு, ஈ மொய்க்கக் கட்டிலில் கிடந்தீர்கள். தினமும் கழுவிக் கட்டியிருந்தால் ஆறியிருக்கும். வெந்நீரோடு வந்து உட்கார்ந்தேன். காலை இழுத்துக்கொண்டீர்கள்.

"அவ கை படக்கூடாது."

அதையும் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னீர்கள். திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன் என்றீர்கள். தினமும் வெந்நீர் வைத்தேன், தினமும் அது ஆறிப்போனது. மூன்றாவது வாரம் விஷம் உடம்பில் ஏறி, ஜுரம் கண்டு, போய்விட்டீர்கள். என்ன வைராக்கியம் அது? பெற்ற மகள் கண் முன்னால், அவள் படித்த படிப்பால் காப்பாற்றக்கூடிய உயிரை, அவளைத் தோற்கடிக்கவா விட்டீர்கள்?

உங்களைக் குளிப்பாட்ட ஆண்கள் வந்தார்கள். வலது காலை மட்டும் எனக்கு விடுங்கள் என்றேன். செத்த காலுக்கு எதற்கு மருந்து என்று அத்தை கேட்டாள். ஒட்டிப்போன கிழிசலை நனைத்துப் பிரித்தேன். விரலிடுக்கு வரை கழுவி, புதுக் கட்டுப் போட்டேன். அழுகை வரவில்லை, அவ்வளவு கோபம்.

இன்று பன்னிரண்டு பேரின் கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்த கால்கள். நீங்களும் முந்தின நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்வீர்கள்: "நல்லாத் தேச்சுக் கழுவிட்டு வாங்கப்பா, சாமி கையில அழுக்குப் படக்கூடாது."

ஞாயிறு பாஸ்காப் பண்டிகை முடிந்து திங்கட்கிழமை ரயிலேறுகிறேன். என் வார்டில் கழுவிவிட்டு வருகிற கால் ஒன்றுகூடக் கிடையாது. அழுக்குக் காலைக் கழுவத்தான் நான் படித்தேன். எத்தனையோ பேருக்குக் கழுவியிருக்கிறேன். உங்கள் காலை மட்டும்தான் அப்பா, உயிரோடு கழுவ முடியவில்லை.