மூன்றாவது குறிப்பில் இருந்த சகோதரி

என் தங்கமான ஞானமணி அக்காவுக்கு,

உன்னோடு பேசாமல் கோபித்துக்கொண்டு எட்டு மாதம் ஆகிவிட்டது. நீ உயிரோடு இருந்திருந்தால் என் கோபம் எட்டு நிமிடம்கூடத் தாங்கியிருக்காது. "என்ன நர்ஸம்மா, சாப்ட்டாச்சா?" என்று போன் போட்டிருப்பேன். இப்போது அதற்கும் வழியில்லை, அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். பிழை இருந்தால் சிரிக்காதே. சிரித்தாலும் எனக்குக் கேட்கவா போகிறது?

இதை நம் சபைப் பத்திரிகையில் போடுகிறோம் என்று போதகர் ஐயா கேட்டார். ஒரு வரிகூட வெட்டக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன். உன்னைப் பற்றி இதுவரை எழுதினவர்கள் எல்லாரும் வெட்டித்தான் எழுதினார்கள். முதலில் வெட்டினவள் நீதான்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா வத்திராயிருப்பில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தாள். அத்தான் தங்கராஜ், கணக்கு வாத்தியார். பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் ஓய்வு பெற்ற கையோடு ஆப்பிரிக்காவில் மலாவி என்கிற நாட்டுக்கு மிஷனரியாகப் போனார்கள். "ஏக்கா, எல்லாரும் ரிட்டையர் ஆனா மாடி கட்டுதாவ. நீங்க ரெண்டு பேரும் மூட்டையக் கட்டுதீய" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கேலி செய்தேன். நீ என் தலையில் கொட்டிவிட்டு மதுரை பஸ்ஸில் ஏறினாய். அந்தக் கொட்டுதான் உன் கை என்மேல் பட்ட கடைசி.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெட்டி மடிக்கிற கம்பெனியில் எனக்கு வேலை. பத்தரைக்கு டீ. அப்போது உனக்குக் காலை ஏழு. அந்தக் கால் மணி நேரத்தில் உங்கள் இருவரின் நாள் முழுவதும் எனக்கு வந்து சேர்ந்துவிடும். நீ அடிபம்பில் இரண்டு குடம் அடித்து, தண்ணீரைக் கொதிக்க வைத்திருப்பாய். அத்தான் கரி அடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்து உட்கார்ந்திருப்பார். "அத்தானுக்கு அடுப்பு ஊதுறதுதான் ஊழியமா?" என்பேன். பின்னால் இருந்து அவர், "உங்கக்கா சமையலைத் தின்னுறது அதைவிடப் பெரிய ஊழியம்" என்று கத்துவார்.

பிறகு மக்காச்சோள மாவுக் களி. ஏரியில் பிடித்துக் காய வைத்த பொடி மீன். நெத்திலிக் கருவாடு மாதிரியே இருக்கிறது என்று முதல் வருடம் நீ போனில் துள்ளினாய். முருங்கை மரத்தைப் பார்த்த அன்று அழுதாய். முருங்கையைப் பார்த்து அழுத மிஷனரி உலகத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

அதன்பிறகு அத்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவார். நீ மருந்து அறையைத் திறப்பாய். காய்ச்சல் பிள்ளைகள், பிள்ளைத்தாச்சிகள், அருவாள் வெட்டு. மத்தியானம் பெண்களுக்குத் தையல். சாயங்காலம் இரண்டு பேரும் செம்மண் ரோட்டில் கைகோத்து நடந்து வீடு வீடாகப் போய் ஜெபிப்பீர்கள். நம் ஊரில் முப்பது வருடம் ஒரு நாளாவது கை கோத்தீர்களா? "அங்க யாரும் பாக்க மாட்டாகன்னு தைரியமோ?" என்றால், "சும்மா போட்டி, ரோடு குண்டும் குழியுமா கெடக்கு, விழுந்துருவேன்" என்பாய்.

இதெல்லாம் எனக்கு மட்டும் தெரிந்தது. சபைக்குத் தெரிந்தது உன் ஜெபக் கடிதம்தான். மாதம் ஒன்று. புதன்கிழமை பெண்கள் கூட்டத்தில் உபதேசியார் வாசிப்பார். மேலே நாலு வரி ஸ்தோத்திரம், கீழே நம்பர் போட்டு ஜெபக்குறிப்புகள். ஆள் பெயர் இருக்காது. "இங்குள்ள ஒரு சகோதரர்", "ஒரு தாயார்" என்றுதான் இருக்கும். அந்த ஊர்க்காரர்களின் கஷ்டத்தை ஊர் ஊராகப் பேர் சொல்லிப் பரப்பக் கூடாது என்பது வழக்கம். நல்ல வழக்கம்தான். அதற்குள் நீ ஒளிந்துகொள்வாய் என்று யார் கண்டது?

போன வருடம் ஒரு கடிதத்தில் மூன்றாவது குறிப்பு இப்படி இருந்தது: "இங்குள்ள ஒரு மூத்த சகோதரிக்கு உடலில் ஒரு கட்டி வந்துள்ளது. அவர்கள் தளராமல் இருக்க ஜெபியுங்கள்." மூன்று மாதம் அதே குறிப்பு வந்தது. நாங்கள் தரையில் முழங்கால் போட்டு ஜெபித்தோம். நான்தான் சத்தமாக ஜெபித்தேன். என் தொண்டை உனக்குத் தெரியுமே.

மறுநாள் டீ நேரத்தில் உன்னிடம், "உங்க ஊர் சகோதரிக்காக நான் கத்துன கத்துல பரலோகத்துல எல்லாரும் காதைப் பொத்தியிருப்பாக. கட்டி கரைஞ்சிருச்சா இல்லியா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். நன்றாக நினைவிருக்கிறது, சிரித்தாய். "இன்னும் கரையலட்டி. நல்லாக் கத்துங்க" என்றாய்.

அடுத்து காஸ் துணி கேட்டாய். ஒரு சகோதரிக்குப் புண்ணுக்கு வைத்துக் கட்ட வேண்டும், நிறைய வேண்டும் என்றாய். மலாவிக்குப் போகிற ஒருவர் கையில் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கொடுத்துவிட்டேன். நானே வெட்டி, நானே மடித்தது. "இம்புட்டுத் துணியா? அந்தச் சகோதரி புண்ணுக்குக் கட்டுதாளா, சேலையாச் சுத்திக்கிடுதாளா?" என்று கேட்டேன். அதற்கும் சிரித்தாய்.

அக்கா, உன் புண்ணுக்குக் கட்டும் துணியை என்னை வைத்தே மடிக்க வைத்தாயே. எப்படி மனசு வந்தது உனக்கு?

மழைக்காலத்தில் ஒரு காலை அத்தான் போன் செய்தார். நீ போய்விட்டாய், ரோடு உடைந்து கிடக்கிறது, மறுநாளே அடக்கம் என்றார். வாட்ஸப்பில் பார்த்தேன். யாரோ போனைச் சாய்த்துப் பிடித்ததில் உன் பெட்டி, குடைகள், பாடுகிறவர்கள் எல்லாரும் மேலே இருந்து கீழே சரிந்துகொண்டே இருந்தார்கள். பெட்டியை இறக்குகிற நேரத்தில் சிக்னல் போய்விட்டது. ராஜபாளையம் கம்பெனி வாசலில் கையை மேலே தூக்கி, இங்கும் அங்கும் ஓடி சிக்னல் தேடினேன். ரோட்டில் போனவர்கள் நான் செல்பி எடுக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு வாரம் கழித்துத்தான் அத்தான் சொன்னார். "செல்லக்கனி, அந்த மூணாவது குறிப்பு அவதான்." எனக்கு முதலில் விளங்கவில்லை. "எந்தக் குறிப்பு?" என்று இரண்டு தடவை கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நாலு மாசமாத் தெரியும். மார்புல கட்டி. சொன்னா மிஷன்ல ஊருக்குக் கூப்பிட்டுருவாக, வயசாயிட்டு, போதும்னு உக்கார வெச்சிருவாகன்னு பயந்தா. மிஷனரி தனக்குன்னு எதுவும் கேக்கக் கூடாதுன்னு வேற சொல்லுவா. ஆனாலும் உங்க ஜெபம் வேணும்னு ஆசைப்பட்டா."

நாலு மாதம்! அத்தானை அன்று என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். பத்திரிகைக்காரர்கள் வெட்டித்தான் ஆக வேண்டியிருக்கும்.

நீ நர்ஸ், அக்கா. கட்டி என்றால் என்ன என்று உனக்குத் தெரியாதா? வத்திராயிருப்பிலும் மகாராஜபுரத்திலும் எத்தனை பெண்களை, "வெக்கப்பட்டு மறைச்சு வெச்சுச் சாகப் போறியாட்டி?" என்று திட்டி பஸ் ஏற்றி மதுரைக்கு அனுப்பியிருப்பாய்? அவர்களில் இரண்டு பேர் உன் துக்கம் கேட்க வந்தார்கள். நல்லாயிருக்கிறார்கள். அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுக்கும்போது எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. இவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

அப்புறம் நினைவுக் கூட்டம். உன் முகத்தில் சுருக்கமே இல்லாமல் ஒரு பெரிய பிளக்ஸ். மிஷனில் இருந்து வந்தவர், "கடைசி வரை தன் வேதனையை ஒரு வார்த்தைகூட வெளியே சொல்லாத தாயார்" என்று கண்ணீரோடு பேசினார். எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். பிறகு தங்கை இரண்டு வார்த்தை பேசட்டும் என்று மைக்கை நீட்டினார்கள்.

"ஐயா, அதைப் பெருமையாச் சொல்லாதீங்க. சொல்லியிருந்தா பொழச்சிருப்பா" என்றேன். இரண்டு வார்த்தை கேட்டார்கள், கொஞ்சம் கூடிவிட்டது. மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் எங்கள் மேலும் தப்பு இருக்கிறது. முருங்கையைப் பார்த்து அழுதேன் என்று நீ எழுதியிருந்தால் கூட்டத்தில் முகம் சுளித்திருப்பார்கள். மார்பில் கட்டி என்று எழுதியிருந்தால் உபதேசியார் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பார். எங்களுக்கு உடம்பு இல்லாத மிஷனரி வேண்டியிருந்தது. நீயும் அப்படியே ஆகிக் காட்டினாய்.

இப்போது நடந்ததைக் கேள். அத்தான் தனியாக அங்கேயே இருக்கிறார். கடிதம் அவர் எழுதுகிறார். இரண்டு வாரத்துக்கு முன் புதன்கிழமை உபதேசியார் வாசித்தார்: "இங்குள்ள ஒரு மூத்த சகோதரருக்குக் காலில் உள்ள புண் ஆற ஜெபியுங்கள்."

எழுந்துவிட்டேன்.

"செத்த நிறுத்துங்க."

"குறிப்பு முடியட்டும்மா."

"அந்த மூத்த சகோதரருக்குப் பேர் இருக்கு. தங்கராஜ் வாத்தியார். எங்க அத்தான். சுகர் இருக்கு அவியளுக்கு."

பக்கத்தில் இருந்த லில்லி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, உக்காரு. உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு வீட்டுல ஒருக்கத் திருட்டுப் போனா பொறவு பூட்டை இழுத்துப் பாக்க மாட்டமா? விடுட்டி."

அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அத்தான், இடது காலா, வலது காலா?"

"எது?"

"மூத்த சகோதரரோட காலு."

நாற்பது பெண்களும் போன் பக்கம் குனிந்தோம். பிறகு, "இடது" என்றார்.

லில்லிதான் முதலில் அழுதாள். நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று சண்டை போட்டேன். உடனே கிளம்பி வாங்க, இங்கே காட்டலாம் என்றேன். கெஞ்சினேன், மிரட்டினேன். "நீங்க வரலைன்னா நான் வருவேன். என் வாயை அந்த ஊர் தாங்குமா?" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அவ இங்க தனியாக் கெடக்கா, செல்லக்கனி. சாயங்காலம் நாங்க நடக்குற ரோட்டுலதான் கல்லறை. தெனமும் போயி செத்த நேரம் உக்காந்துட்டு வாரேன். அதையும் விடச் சொல்லுதியா?"

எல்லாவற்றுக்கும் ஒரு கேலி வைத்திருப்பவள் அதற்கு மட்டும் அழுதேன். நான் அழுது அவர் கேட்டதே இல்லை. அதில்தான் இறங்கி வந்தார் என்று நினைக்கிறேன். வருகிறேன், ஆனால் கால் ஆறினதும் என்னைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும், தடுக்கக் கூடாது, அவள் பக்கத்தில்தான் எனக்கும் இடம் என்றார். சத்தியம் செய்யச் சொன்னார்.

எனக்கு இஷ்டமே இல்லை அக்கா. உன்னை விட்டுக்கொடுத்தது போதாதா? ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

மிஷனில் டிக்கெட் போட்டுவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மதுரை ஏர்போர்ட்டுக்கு நான் போகிறேன். ராஜபாளையத்தில் டாக்டரிடம் சொல்லி வைத்தாயிற்று. பெண்கள் கூட்டத்தில் இப்போது அத்தான் பெயரைச் சொல்லி, இடது கால் என்று சொல்லி, வெளிப்படையாக ஜெபிக்கிறார்கள். உபதேசியார்கூட.

இனி என் சத்தியம் உனக்கு. கால் ஆறினதும் யார் தடுத்தாலும் நானே அத்தானை விமானம் ஏற்றி உன்னிடம் அனுப்பி வைப்பேன். ஆனால் அதுவரை தினமும் காலையில் எதிரில் உட்கார்ந்து, "இன்னைக்கு எங்க வலிக்குது?" என்று கேட்பேன். பதில் வராமல் காபி டம்ளரைக் கொடுக்க மாட்டேன். எனக்கு வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்ல ஒரு மிஷனரியாவது படித்த பிறகுதான் உன் ஊருக்குத் திரும்ப வருவார்.

உன்னை இன்னும் மன்னிக்காத,
மன்னிக்கிற அன்றைக்கு உனக்கே முதலில் சொல்லப் போகிற
உன் தங்கச்சி,
செல்லக்கனி