பெயர்த்தகடு இல்லாத இரண்டு மோட்டார்கள்

என் பெரியவளே, எப்படியம்மா இருக்கிறாய், மாப்பிள்ளை சுகமா, சின்னது இப்போது சுவரைப் பிடிக்காமல் நடக்கிறதா? இங்கே அம்மா, தம்பி, நான் மூன்று பேரும் உடம்பு அளவில் நன்றாக இருக்கிறோம். மனசு அளவில் எனக்கு மட்டும் சரியில்லை. போனில் சொல்லலாமென்றால் அம்மா பக்கத்திலேயே நின்று காதைக் கொடுக்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன். பிரஷ் பிடித்த கை, எழுத்து பெரிசு பெரிசாகத்தான் வரும், பொறுமையாகப் படி.

தம்பி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக மெஷின் வாங்கியிருக்கிறான் என்று அம்மா சொல்லியிருப்பாள். மூடிப்போன ஒரு கம்பெனியின் பழைய சி.என்.சி. லேத், கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பைக் கடைகிற மெஷினாம், நம் வீட்டு முன் அறையை விடப் பெரியது, கதவுச் சட்டத்தைக் கழற்றித்தான் ஷெட்டுக்குள் ஏற்றினோம், அந்தச் சட்டம் இன்னும் வாசலில்தான் சாய்ந்து நிற்கிறது, அது இருக்கட்டும். விற்றவர் பழைய மெஷின் வியாபாரி, எதற்கெடுத்தாலும் சத்தியம் பண்ணுவதால் அவருக்கு சத்தியம் என்றே பெயர் வந்துவிட்டது, மணி என்ன என்று கேட்டால்கூட சத்தியமா நாலரைங்க என்பார். இரும்பெல்லாம் நல்ல இரும்பு, மூளைதான் செத்துப்போச்சு, புது மூளை வெச்சா ஓடும் என்று அவரே சொல்லித்தான் கொடுத்தார். தம்பிக்கும் புது கம்ப்யூட்டர் பெட்டி, மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் டிரைவ் எல்லாம் வாங்கிப் பழைய மோட்டாரையே வைத்து ஓட்டுவதாகத் திட்டம். இரண்டு மோட்டார், சர்வோ மோட்டாராம், ஒன்று கருவியை முன்னால் பின்னால் தள்ளும், இன்னொன்று குறுக்கே தள்ளும்.

எலக்ட்ரீசியன் வந்தார். வாய் திறந்தால் பொறுங்க பொறுங்க என்பாரே, அவர்தான். மோட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கப்பா நேம் பிளேட்டு, இது எந்தக் கம்பெனி, எத்தனை வோல்ட், ஒண்ணுமே இல்லாம நான் என்ன ஜோசியமா பாக்கறது என்று கேட்டார். மோட்டாருக்கு ஊர் பேர் எதற்கு, சுற்றினால் போதாதா என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. மோட்டார் முனையில் நீட்டியிருக்கும் தண்டைப் பிடித்து என்னைச் சுற்றச் சொன்னார், லேசாகச் சுற்றியது. அப்புறம் மூன்று தடித்த வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டுச் சுற்றச் சொன்னார், தேன் பாட்டிலுக்குள் கரண்டியைச் சுற்றுவது போல இறுகிவிட்டது. வயரைப் பிரித்தார், மறுபடி லேசாகிவிட்டது. கரண்டு கொடுக்கவே இல்லையம்மா, உள்ளே யார் பிடித்து இழுத்தார்கள் என்று இன்றைக்கு வரை எனக்குக் குழப்பம்தான். மோட்டார் உயிரோடதான் இருக்கு, ஆனா வால்ல பன்னெண்டு மெல்லிசு வயர் இருக்கே, அதுக்குள்ள எத்தனை சுத்து சுத்துனோம்னு எண்ணற கண்ணு இருக்கு, தப்பான வோல்ட் குடுத்தா கண்ணு அவிஞ்சிடும், பேர் தெரியாம நான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தம்பி நேராக சத்தியத்திடம் போய், திருட்டு மோட்டாரை மாட்டி அடையாளத்தைச் சுரண்டி வித்துட்டியா என்று நடுத்தெருவில் சத்தம் போட்டிருக்கிறான். அவர் என் பிள்ளைங்க மேல சத்தியம், நான் கை வெக்கல என்று சொல்ல, அங்கே நின்ற நாலு பட்டறைக்காரர்களும் சிரித்திருக்கிறார்கள். அவரிடம் மெஷின் வாங்க இருந்த இரண்டு பேர் பின்வாங்கிவிட்டார்கள். அவருக்கு ரோஷம், மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார், இன்று சாயங்காலம் லாரி வருகிறது. மெஷின் போனால் தம்பி பழைய முதலாளியிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், கோபப்படாதே. மெஷின் வந்த மறுநாள் தம்பி வெளியே போயிருந்தான். லாரியில் ஏற்றும்போதே கழற்றிச் சாக்கில் சுற்றிய இரண்டு மோட்டாரும் தம்பி பிரித்துக்கூடப் பார்க்காமல் மேஜை மேல் கிடந்தன, பிரித்தால் ஒரே எண்ணெயும் அழுக்கும். நாற்பது வருஷம் பெயிண்ட் அடித்தவன் கண்ணுக்கு அது எப்படி இருக்கும் சொல். சுரண்டாமல் அடித்தால் பெயிண்ட் உரிந்துவிடும், ஆஸ்பத்திரி கேட்டுக்கு அப்படி அடித்துவிட்டு நான் பட்ட பாடு உனக்குத் தெரியும், அந்தக் கதை இப்போது வேண்டாம். தின்னரும் கம்பி பிரஷும் எடுத்துப் பளபளவென்று தேய்த்தேன். ஒவ்வொன்றின் மேலேயும் ஒரு வெள்ளைத் தகடு ஒட்டியிருந்தது, ஃபிரிட்ஜில் ஒட்டி வருமே அந்த மாதிரி விளம்பரம் என்று நினைத்தேன், கத்தி கொடுத்துக் கிளப்பிவிட்டு இரண்டு கோட் நீலம் அடித்தேன். தம்பி வந்து, பரவாயில்லையே, சத்தியத்துகிட்ட புதுசு மாதிரியே வாங்கியிருக்கோம் என்றான், அவன் இன்னும் கொஞ்சம் அசந்துபோகட்டும், அப்புறம் நான்தான் அடித்தேன் என்று சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். இத்தனை கலாட்டா ஆன பிறகு சொல்ல வாயே வரவில்லை. நேற்று அம்மாகூட, வாயிலயும் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கீங்களா, ரெண்டு நாளா பேச்சையே காணோம் என்றாள்.

ஒரு தகடு எங்கே போனதோ. இன்னொன்று இன்று காலை அழுக்குத் துணி மூட்டையில் சுருண்டு கிடந்தது. இங்கிலீஷ் எழுத்தும் நம்பருமாக முக்கால்வாசி தெரிகிறது. இரண்டு மோட்டாரும் ஒரே ஜாடைதான், ஒன்றின் பேர் தெரிந்தால் போதுமாம். அதை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன், நீ படித்துப் பார்த்து, நீயாகவே கம்ப்யூட்டரில் கண்டுபிடித்த மாதிரி தம்பிக்குப் போன் பண்ணிவிடு. கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகும், லாரி இன்று வருகிறது, அது எனக்கும் தெரிகிறது. ஆனாலும் எனக்கு வேறு வழி தோன்றவில்லையம்மா.

சின்னதுக்குக் காது வலி என்றாயே, வலி நின்றுவிட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுகிறேன். லாரி வந்துவிட்டது. சத்தியம் வாசலிலேயே நிற்கிறார், உள்ளே வரமாட்டேன் என்கிறார். அம்மா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்ததற்கு, வேண்டாம்மா, நாளைக்கு டம்ளரைக் காணோம்னாலும் என்னைத்தான் சொல்லுவாங்க என்றார். சத்தியம் என்ற வார்த்தையே இன்று அவர் வாயில் வரவில்லை. ஜன்னல் வழியாக அதைக் கேட்டுவிட்டு என்னால் உட்கார முடியவில்லை. கவரில் தகட்டைத் தேடாதே, வெளியே எடுத்துவிட்டேன், கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மெஷினைக் கட்டின செயினைப் பிடிக்க ஆள் வேணும், வாங்கப்பா என்று தம்பி இரண்டாம் தடவையும் கூப்பிடுகிறான், இதோ போய் முதலில் அந்த மனுஷன் முன்னால் இந்தத் தகட்டை நீட்டி, நான்தான் என்று