துணைக்கு ஆள் வேணுமாம்

என்னங்க,

பல் ஆஸ்பத்திரியில எனக்குத் தெரியாம நீங்க ரத்து பண்ணின நேரத்தை மறுபடி கேட்டு வாங்கிட்டேன். ஞானப்பல்லைப் பிடுங்கத்தான் போறேன். நரம்புல பட்டு உதடு மரத்துட்டா, ஸ்டேஷன்ல நான் அறிவிப்பு சொல்ற வேலை போயிடும்னு பயப்படுறீங்க. எனக்கும் பயம்தான். ஆனா ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவுல கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்கார்றது நீங்க இல்லையே!

துணைக்கு ஆள் வந்தாத்தான் பல்லுல கை வைப்பாங்களாம். உங்க நம்பரைத்தான் குடுத்திருக்கேன். பதினொரு மணிக்கு.

சூப் அடுப்பு மேல இருக்கு. குடிச்சிட்டு, எனக்குக் கொஞ்சம் ஆறவெச்சிட்டு வாங்க.

பி.கு.: திரும்பி வரும்போது என் வாய் நிறையப் பஞ்சு இருக்கும். ரெண்டு நாளா உம்முனு இருக்கீங்களே, மனசுல இருக்கிறதெல்லாம் வழியில சொல்லுங்க. இன்னிக்கு மட்டும் என்னால குறுக்கே பேச முடியாது.