நஜ்மா வீட்டின் பகல் தூக்கம்

அக்டோபர் 6, ஞாயிறு

இன்றும் மாமா பகலிலேயே தூங்கிவிட்டார். இங்கே வீட்டுக்காரியை 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும். தோஹாவுக்கு நர்சாக வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வரும். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து படுக்கையும் சக்கர நாற்காலியுமாக இருக்கிறார். காலையில் பேரீச்சம்பழம் கேட்டு வாங்கித் தின்றவர், மகன் அம்மார் வந்து நின்றபோது கட்டை மாதிரிக் கிடந்தார். கூப்பிட்டால் அசைவில்லை. பிரஷர், நாடி எல்லாம் சரி.

எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை.

அக்டோபர் 8

மாத்திரைகளைச் சரிபார்த்தேன். குறையவில்லை, கூடவில்லை. அப்படியானால் வேறு எதிலாவது தூக்க மருந்து கலக்கிறார்களா?

கஹ்வா என்கிற அரபிக் காப்பி போடுவது ரஹீமா பீவி. தேவிபட்டினத்துக்காரி, எனக்குப் பல வருடம் முன்பிருந்தே இங்கே சமைக்கிறாள். மாமாவின் குவளையை மட்டும் தனியாகக் கொண்டு வருகிறாள். ஏன் தனியாக என்று கேட்டேன்.

"அவுகளுக்குக் குங்குமப்பூ கூட வேணும் புள்ள. எல்லாருக்குமா போட முடியும்?"

பதில் தயாராக இருந்தது. அதுதான் இடிக்கிறது.

அக்டோபர் 9

மாமாவின் கஹ்வாவில் ஒரு வாய் திருட்டுத்தனமாகக் குடித்தேன். தூக்கம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

அக்டோபர் 11, வெள்ளி

இங்கே வெள்ளிதான் லீவு. சர்ச்சில் பூசை முடிந்து எங்கள் நஜ்மா பகுதியின் கடைத்தெரு வழியாக நடந்து வந்தேன். மலையாளி டீக்கடை, நேபாளி சலூன், பெங்காலி காய்கறிக்கடை — தெரு முழுக்க நாங்கள்தான். கத்தாரிகள் எப்போதோ ஊருக்கு வெளியே பெரிய வில்லாக்களுக்குப் போய்விட்டார்கள். அம்மாரும் அங்கேதான். இந்தத் தெருவில் மிச்சம் மாமா ஒருவர்.

கையளவு நாடு. தரைக்கடியில் எண்ணெயும் கேஸும். கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிறார்கள், ஆளில்லாத அறையிலும் ஏசி ஓடுகிறது. பத்துப் பேரில் ஒருவர்தான் இந்த மண்ணுக்காரர். மற்றவர்கள் அவர்களுக்குச் சமைக்கிறோம், வண்டி ஓட்டுகிறோம், படுக்கை மாற்றுகிறோம். அவர்கள் எங்களைப் பார்த்தபடி இருக்கிறார்கள். நாங்களும் அவர்களை.

என் வீட்டுக்காரர் வில்பிரட் பஹ்ரைனிலிருந்து பேசினார். அங்கே மீன்பிடிப் படகில் வேலை. விஷயத்தைச் சொன்னதும் கோபம். "நீ நர்சு, போலீசு இல்ல கேட்டியா. அம்மாருதான் ஒனக்க கபீல், ஒனக்கு விசா எடுத்துத் தந்தவன். அவன் விசாவ ரத்து பண்ணினா பெட்டியக் கெட்டிட்டு ஊருக்குப் போவணும்."

சரிதான். அதற்காகப் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று இருக்க முடியுமா?

அக்டோபர் 14

அம்மார் வரும்போது மட்டும்! மற்ற நேரமெல்லாம் முழித்துத்தான் இருக்கிறார். இவ்வளவு நாள் இது என் மண்டையில் ஏறவில்லையே. அம்மார் எதையும் ஊட்டுவதில்லை. அவர் உள்ளே வருவதற்கு முன்பே தூக்கம்.

அக்டோபர் 15

வாசலில் கார் நின்ற சத்தம். மாமா கண்ணை மூடினார். அம்மார் வந்து, பார்த்து, சலித்துக்கொண்டு போனார். அதன்பின் நான் மாமாவின் கையைத் தூக்கி, முகத்துக்கு நேரே விட்டேன். நினைவில்லாதவர் கை மூக்கிலேயே விழும். இந்தக் கை ஒதுங்கித் தலையணையில் விழுந்தது.

"மாமா, நீங்க தூங்கல" என்றேன், இந்தியில். அவருக்கு இந்தி நன்றாக வரும்.

கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். "போய் அவங்கிட்ட சொல்லு. எல்லாத்தையும் சொல்றவதானே நீ."

நானா?

அக்டோபர் 16

நானேதான். தினமும் சாயந்தரம் அம்மாருக்கு வாட்ஸப் அனுப்புகிறேன் — மாமா என்ன சாப்பிட்டார், யார் வந்தார், யாரோடு பேசினார். அம்மார் கேட்டார், டியூட்டி என்று அனுப்பினேன். போன மாதம் ஒரு நாள், 'நூரா மேடம் போன் செய்தார், மாமா அழுதார்.' மறுநாளே அறையிலிருந்த போனை ரிப்பேர் என்று எடுத்துப் போனார்கள். நானும் நம்பினேன்.

ரஹீமாவிடம் கேட்டேன்.

"இப்பத்தான் தெரியுதா? நூரா இவுக மக. இந்த வீட்ட இடிச்சு பிளாட் கட்டணும், உம்மாவ வில்லாவுக்குக் கொண்டு போகணும்னு அம்மாரு நிக்கிறாரு. மக விடல. அண்ணன் தங்கச்சிக்குள்ள பேச்சே இல்ல. மாட்டேன்னு சொன்னா அவரு கத்துவாரு. அதான் இவுக கண்ண மூடிக்கிறாக." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் ஒன்னத்தான் சந்தேகப்பட்டேன் புள்ள, அவரு வச்ச ஆளுன்னு."

"நான் ஒங்கள சந்தேகப்பட்டேன் ராத்தா."

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 17

அம்மாருக்கு அனுப்பியது: சாப்பிட்டார். தூங்கினார். யாரும் வரவில்லை.

இதை டைப் செய்யும்போது நூரா என் எதிரே, தாயின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரஹீமாதான் தன் போனில் கூப்பிட்டு வரவழைத்தாள். இரண்டு முறை அழித்துவிட்டு எழுதினேன். அம்மாருக்கு யாராவது சொல்லிவிட்டால்? அம்மார் வைத்த வீட்டு டிரைவர் பார்த்திருப்பானோ?

அக்டோபர் 18

டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்தான். எதற்கு?

அக்டோபர் 20

மாமாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக, காலையிலேயே நூரா வண்டியோடு வந்துவிட்டார். அம்மாரிடம் சொல்லாமல் கிளம்பிவிடலாம் என்றார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. என் போனைக் கேட்டு வாங்கி, அம்மாரைத் தானே கூப்பிட்டார். அரபியில் சண்டை. எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான்: நூரா வீடு, வீட்டை இடிக்கக் கூடாது, நர்சும் வருகிறாள். அந்தப் பக்கம் கத்தல் ஓயவே இல்லை.

"கலாஸ்" — முடிந்தது — என்றார் மாமா. போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

அவர் பேசியது என் நம்பரிலிருந்து. இனி நான் எதையும் மறைக்க முடியாது. மடியில் பையை வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தேன்.

அக்டோபர் 27, வக்ரா

நூரா வீட்டு மாடியிலிருந்து கடல் தெரிகிறது. என் விசாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வதாகச் சொல்கிறார். நம்பலாமா? தெரியவில்லை. அம்மார் ரத்தும் செய்யவில்லை, திட்டவும் இல்லை. அதுவே பயமாக இருக்கிறது.

இன்று அவர் வந்தார். கார் சத்தம் கேட்டதும் நான் மாமாவைத்தான் பார்த்தேன்.

தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். மகன் உள்ளே வரும் வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.