எஸி அக்காவின் நிறம்

என் எஸி அக்காவுக்கு,

நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. இந்தக் கடிதத்தில் ஓர் எழுத்தும் உங்களுக்கு விளங்காது என்று தெரிந்துகொண்டேதான் தமிழில் எழுதுகிறேன். இருபது வருடம் நாங்கள் ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால் உங்கள் தொடரை எடுத்த அந்தத் தொலைக்காட்சிக் கம்பனிக்காரர் வாசித்துவிடுவார்கள். இப்போது போனைக் காட்டினால் அதுவே மொழிபெயர்த்துத் தருமாம், மகள் சொல்கிறாள். தரட்டுமே. கொஞ்சமாவது மினக்கெட்டு வாசிக்கட்டும்.

சிரிக்கிறீர்கள், தெரியும். கடையில் முட்டைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு முட்டையாகத் திருப்பிப் பார்க்கிறவள் என்று என்னைப் பகிடி பண்ணாத நாள் உண்டா உங்களுக்கு?

எங்கள் சனத்துக்கு உங்கள் பெயர் நினைவிருக்காது. ஆனால் அந்தப் பகிடித் தொடரில் பக்கத்து வீட்டிலிருந்து கதவைத் தட்டாமல் குசினிக்குள் வந்து, பிரிட்ஜைத் திறந்துகொண்டே கதைக்கிற ஆபிரிக்கப் பெண் என்றால் உடனே முகம் மலரும். அது நீங்கள். உங்களுக்கு மேக்கப் போட்டவள் நான்.

உங்கள் செத்தவீட்டுக்குக் கம்பனி ஒரு மலர்வளையம் அனுப்பியது. ஆள் உயரம். உங்களைத் தொடரிலிருந்து எடுத்த பிறகு இத்தனை வருடமாக ஒரு பிறந்தநாள் வாழ்த்துக்கூட அனுப்பாதவர்களுக்குத் திடீரென்று எங்கிருந்து இவ்வளவு அன்பு வந்தது? அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அச்சடித்த எழுத்து, ஒருவரும் கைப்பட எழுதவில்லை. அப்போதே எனக்கு மனம் சரியில்லை.

இரண்டு மாதம் கழித்து லியம் என்று ஒரு பொடியன் கம்பனியிலிருந்து போன் எடுத்தான். தேன் ஒழுகும் குரல். உங்களுக்காக ஒரு நினைவு நிகழ்ச்சி செய்கிறார்களாம், அதற்கு என்னுடைய ஆல்பம் வேண்டுமாம். எந்த ஆல்பம் என்று உங்களுக்குத் தெரியும். படப்பிடிப்பு நாட்களில் என் கதிரையில் வைத்தே உங்கள் முகத்தை முன்னிருந்தும் இரண்டு பக்கத்திலிருந்தும் படம் எடுத்து, கீழே பூச்சின் நம்பரை எழுதி ஒட்டுவேனே, அடுத்த நாள் முகம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. நான் கேட்டேன், "தம்பி, நினைவு நிகழ்ச்சிக்கு அக்காவின் இடது காது எதற்கு?" அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

குடைந்து குடைந்து கேட்டதில் மெல்ல வெளியே வந்தது. தொடரைத் திரும்பவும் எடுக்கப் போகிறார்களாம். உங்களோடு. கணினியில் உங்கள் முகத்தையும் குரலையும் செய்து, யாரோ புதிதாக எழுதின வசனத்தை உங்கள் வாயில் வைத்து. அதற்கு உங்கள் தங்கையின் மகள் அபெனாவின் கையெழுத்து வேண்டும். அவளுக்குத்தானே எல்லாம் எழுதி வைத்தீர்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை, அக்கா. அந்த இடத்துக்கு வர நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். நாடகக் குழுவோடு உங்கள் ஊர் அக்ராவிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து, குழு திரும்பிப் போக நீங்கள் மட்டும் நின்றுகொண்டீர்கள். காலையில் டண்டினோங்கில் முதியோர் இல்லத்து வேலை, பின்னேரம் நடிப்புத் தேர்வு. கிடைத்ததெல்லாம் துப்புரவுக்காரி, தாதி, விமான நிலையத்தில் அழுகிற பெண். ஒரு சவர்க்கார விளம்பரத்தில் உங்கள் கை மட்டும் வந்தது. "என் கைக்கு நல்ல எதிர்காலம் இருக்கு, முகத்துக்குத்தான் இன்னும் அழைப்பு வரேல்ல" என்று சொல்லுவீர்கள்.

பிறகு இந்தத் தொடர். ஒரே ஒரு நாள் வேடம்தான். பிரிட்ஜைத் திறந்து, உள்ளே பார்த்து, ஒன்றும் பேசாமல், வீட்டுக்காரனை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்து, திரும்ப மூடினீர்கள். ஸ்ரூடியோவில் பார்க்க வந்திருந்த சனம் சிரித்த சிரிப்பில் அடுத்த வசனத்தை யாராலும் சொல்ல முடியவில்லை. அடுத்த கிழமையே உங்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்தப் பார்வையைக் கணினி எங்கிருந்து எடுக்கும்?

அப்போதுதான் நான் உங்களிடம் வந்தேன். அதுவரை எனக்குத் தெரிந்தது எங்கள் ஆட்களின் கல்யாண மேக்கப்பும், பெரியபிள்ளையான பெண்களுக்குச் சாமத்தியவீட்டு மேக்கப்பும்தான். எந்தப் பெண் வந்து கதிரையில் இருந்தாலும் தாய் பின்னால் நின்று, "கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ" என்பா. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமாக ஆயிரம் படம் எடுத்தாயிற்று. கறுப்பி என்று கேட்டு வளர்ந்த எனக்கு, ஒருத்தியை வெளுப்பாக்குவது அவளுக்குச் செய்கிற உபகாரம் என்றே மனதில் ஊறியிருந்தது. முதல் நாள் உங்களுக்கும் அதையே செய்தேன். கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தீர்கள். "ஆருக்கு இண்டைக்குக் கல்யாணம்?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து திரும்ப இருந்தீர்கள். கோபிக்கவில்லை. அந்த முதல் வருடம் முழுக்க உங்கள் உண்மையான நிறத்தை நான் பிடித்தேன். அந்த வேலையில் எனக்கு இன்றைக்கும் பெருமை.

சரி, இப்போது அபெனாவின் கதைக்கு வருகிறேன். செத்தவீட்டுக்குப் பிறகு அவள் என் அழைப்பை எடுக்கவில்லை. குறுஞ்செய்திக்கும் பதிலில்லை. கட்டாயம் கையெழுத்து வைத்துவிட்டாள், அதுதான் ஒளிக்கிறாள் என்று நினைத்தேன். போன சனிக்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் ரோவிலில் என் வீட்டிலிருந்து காரை எடுத்து கிரான்பர்னில் அவள் வீட்டுக்கே போய்விட்டேன். கதவைத் திறந்தவள் முகத்தில் ஒரு சிரிப்பில்லை. உள்ளே வரச் சொன்னாள். தேத்தண்ணி தந்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னது என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

"நீங்கள் வருவீங்கள் எண்டு தெரியும், அன்ரி. இதைப் பாருங்கோ."

போனை நீட்டினாள். கம்பனி அனுப்பின மாதிரியாம். பதினைந்து விநாடி இருக்கும். நீங்கள் பிரிட்ஜைத் திறந்தீர்கள், திரும்பினீர்கள், சிரித்தீர்கள். அபெனாவின் சின்ன மகள் ஓடி வந்து திரையை விரலால் தடவினாள்.

"இவள் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் பாக்கிறாள். கையெழுத்து வைக்கலாமோ எண்டு இருக்கு" என்றாள் அபெனா. "நீங்கள்தானே அவவின்ர முகத்தைத் தொட்ட ஆள். சொல்லுங்கோ, இது பெரியம்மாவோ?"

நான் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சிரிப்பைப் பார்க்கவில்லை, கன்னத்தைப் பார்த்தேன். என் கை வேலையை எனக்குத் தெரியாதா, அக்கா? அது உங்கள் நிறம் இல்லை. இரண்டாம் வருடத்து நிறம். நான் கலந்த நிறம்.

பொய் சொல்லியிருக்கலாம். ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லோடு தப்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை திரையைத் தடவிக்கொண்டே நின்றது.

"இல்லை, பிள்ளை. இது என்ர வேலை" என்றேன். பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டாம் வருடத் தொடக்கத்தில் கம்பனியில் மேலே இருக்கிறவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கமராவில் உங்கள் முகம் தெரியுதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வெளுப்பாக்கு, அவவுக்குச் சொல்லத் தேவையில்லை என்றார். விளக்கைக் கூட்டச் சொல்லி நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு நிரந்தர விசா இன்னும் வராத நேரம், அதற்கு வேண்டிய வேலைக் கடிதம் அவருடைய கையில். கிழமைக்கு ஒரு துளி வெளிர்ப் பூச்சைக் கூடுதலாகக் கலந்தேன். ஒரே நாளில் செய்தால் முதல் நாள் மாதிரிக் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று தெரிந்துதான் துளி துளியாகச் செய்தேன். கம்பனியின் மேல் இவ்வளவு சந்தேகப்பட்ட நான் பத்தொன்பது வருடமாக இதை வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

அபெனா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "நீங்கள் சொல்லுவீங்களோ எண்டு பாத்தனான். அதுக்காகத்தான் போனை எடுக்கேல்ல. எனக்கு உங்களில நம்பிக்கையில்லை, அன்ரி."

பிறகு எனக்குத் தெரியாத மிச்சத்தையும் சொன்னாள். மூன்றாம் வருடம் அவள் பள்ளிக்கூடம் விட்டு ஸ்ரூடியோவுக்கு வருவாளாம். நீங்கள் என் கதிரையிலிருந்து எழும்பி நேரே டொய்லெட்டுக்குப் போவீர்களாம். அவள் கண்ணாடியைப் பிடிக்க, நான் பூசினதற்கு மேலே உங்கள் சொந்தப் பூச்சைப் பூசி, உங்கள் நிறத்தை நீங்களே திரும்ப எடுத்துக்கொண்டு படப்பிடிப்புக்குப் போவீர்களாம். ஒவ்வொரு நாளும். தளத்தில் தொட்டுச் சரிசெய்ய வேறு ஆள் இருந்தது, திரையில் பார்த்தபோது விளக்கைக் கூட்டியிருப்பார்கள் என்று நான் நினைத்துவிட்டேன்.

"மதி அன்ரியிட்ட நேர சொல்லுங்கோவன் எண்டு பெரியம்மாவைக் கேட்டனான். 'அவளுக்கு இன்னும் விசா வரேல்ல. சொன்னா அவள் அவையளோட சண்டை பிடிப்பாள், வேலை போயிடும், அனுப்பிப்போடுவாங்கள்' எண்டு சொன்னா."

சண்டை பிடிப்பேனாம். என்னைப்பற்றி அப்படி நினைத்தீர்களே!

கடைசியில் மேலே இருக்கிறவர் கண்டுபிடித்து, இது யார் வேலை என்று கேட்டபோது, "என்ர முகம், நான்தான்" என்றீர்களாம். நாலாம் வருடத்துக்கு உங்களைக் கூப்பிடவில்லை. என்னிடம் முழங்கால் வலி, இனி நின்று நடிக்க ஏலாது என்றீர்கள். அது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். கம்பனி ஏதோ செய்துவிட்டது என்று சந்தேகப்பட்டேன். அவரைச் சந்தேகப்பட்டேன், உங்கள் இடத்துக்கு வந்த நடிகையைச் சந்தேகப்பட்டேன், உங்கள் ஏஜென்டைக்கூட விடவில்லை. சுற்றிச் சுற்றி எல்லோரையும் பார்த்தவள் ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டேன்.

அபெனா என் முன்னாலேயே கம்பனிக்கு முடியாது என்று எழுதி அனுப்பினாள். அந்தப் பதினைந்து விநாடியையும் அழித்தாள். பிள்ளை கத்தி அழுதது. பழைய தொடரின் முதல் வருடத்தைப் போட்டுக் காட்டி ஆற்றினோம். வாசல்வரை வந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. "போட்டு வாறன்" என்றேன். "வாங்கோ" என்றாள். அதற்குமேல் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

லியம் விடவில்லை. சரி, நினைவு நிகழ்ச்சியாவது செய்வோம் என்கிறான். செவ்வாய்க்கிழமை கமராவோடு என் வீட்டுக்கு வருகிறான், உங்களைக் கம்பனி எப்படித் தாங்கியது என்று நான் சொல்ல வேண்டுமாம். வா என்று சொல்லியிருக்கிறேன். யார் சொன்னார், யாருடைய கை செய்தது, யார் பழியை ஏற்றது என்று மூன்றையும் சொல்லப்போகிறேன். அவன் வெட்டி எறிவான், எனக்குத் தெரியாதா? அதனால் ஆல்பத்தின் இரண்டாம், மூன்றாம் வருடப் பக்கங்கள் எல்லாவற்றிலும், படத்துக்குக் கீழே, "இது அவருடைய நிறம் இல்லை, நான் மாற்றினேன்" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வைத்து அபெனாவுக்கு அனுப்பிவிட்டேன். இனி உங்களை யாராவது திரும்பச் செய்ய வந்தால் முதலில் அதை வாசிக்க வேண்டும். என் கை ஆடாமல் இருக்கும் மட்டும், கேட்கிற எவருக்கும் இதைச் சொல்லுவேன். இது என் வாக்கு.

ஒன்று மட்டும் விளங்கவில்லை, அக்கா. தெரிந்த பிறகும் ஒரு வருடம் முழுக்க, ஒவ்வொரு காலையும், என் கதிரையில் வந்து இருந்து, கண்ணை மூடி, முகத்தை எப்படி என் கையில் தந்தீர்கள்?

கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
மதி